சூடு பண்ணினால் சரியாகிவிடுமா? மீந்த இரவுச் சாப்பாட்டின் கணக்கு

சமூக ஊடகங்களில் சில மாதங்களுக்கு ஒருமுறை ‘ஃப்ரைட் ரைஸ் சிண்ட்ரோம்’ (வெளியில் கிடந்த சோறு, பாஸ்தா போன்றவற்றால் வரும் உணவு நச்சு) என்ற பெயர் கிளம்பும். மீந்த பாஸ்தாவைச் சூடாக்கிச் சாப்பிட்ட இளைஞர் மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனார் என்று ஒரு காணொளி சொல்லும். அதன் கீழேயே, ‘மீந்ததைச் சாப்பிட்டுத்தான் இத்தனை வருடம் வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?’ என்று பலர் கேட்பார்கள். போதாக்குறைக்கு, பிரிட்டனின் உணவுத் தரநிலை அமைப்பு மீந்த சோற்றை 24 மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்கிறது. அமெரிக்க வேளாண் துறையோ மீந்த சாப்பாட்டுக்குப் பொதுவாக 3 முதல் 4 நாள் தருகிறது. எதை நம்புவது?

எத்தனை நாள் வைக்கலாம், எப்படிச் சூடு பண்ணலாம் என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் மீந்த சாப்பாட்டின் தலையெழுத்து பெரும்பாலும் அதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. அடுப்பை அணைத்ததற்கும் டப்பா ஃபிரிட்ஜுக்குள் போனதற்கும் நடுவில் எத்தனை மணி நேரம் போயிற்று என்பதுதான் முதல் கேள்வி. அது ஏன் என்று பார்ப்போம்.

அந்தச் செய்தியில் விடுபட்டது

காணொளிகள் சொல்லும் சம்பவம் நடந்தது 2008-இல், பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில். இறந்தவர் 20 வயது மாணவர். மருத்துவ இதழில் அது பதிவானது 2011-இல். பிறகு யாரோ தோண்டியெடுக்க, உலகம் சுற்றத் தொடங்கியது. அவர் சாப்பிட்ட ஸ்பகெட்டி 5 நாளைக்கு முன் சமைத்தது. அந்த 5 நாளும் அது ஃபிரிட்ஜில் இல்லை, சமையலறையில் வெளியிலேயே இருந்தது. பல காணொளிகளில் இந்த விவரம் காணாமல் போய்விடுகிறது, அல்லது பாதியில் வேகமாகக் கடந்துபோகிறது.

அவர் அதை மைக்ரோவேவில் சூடாக்கித்தான் சாப்பிட்டார். அப்படியிருந்தும் ஏன் பயனில்லை?

கிருமி, ஸ்போர், நச்சு: மூன்றும் வேறு

உணவில் பிரச்சினை செய்பவை எல்லாவற்றையும் ‘கிருமி’ என்ற ஒரே சொல்லில் அடக்குவதால்தான் குழப்பம் தொடங்குகிறது. மூன்றாகப் பிரித்துக்கொண்டால் புரியும்.

1. உயிரோடு வளரும் பாக்டீரியா. இது சூட்டில் சாகும். உணவின் எல்லா இடமும் 75 டிகிரி செல்சியஸை எட்டினால் நோய்தரும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஒழிந்துவிடும்.

2. ஸ்போர். சில வகை பாக்டீரியாக்கள் சூழல் ஒத்துவராதபோது தம்மைச் சுற்றித் தடித்த உறை கட்டிக்கொண்டு உறங்கிவிடும். விதை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இந்த உறங்கும் வடிவம் கொதிநீரில் வெந்தாலும் பிழைத்துக்கொள்ளும். நிலைமை சீரானதும் முளைத்து மறுபடி பாக்டீரியாவாகும்.

3. நச்சு. பாக்டீரியா வளரும்போது உணவிலேயே விட்டுவைக்கும் வேதிப்பொருள். இதற்கு உயிர் கிடையாது, அதனால் ‘கொல்வது’ என்ற பேச்சே இல்லை. வெப்பத்தில் சிதையும் நச்சுகள் உண்டு, அசையாதவையும் உண்டு.

முதல்முறை சமைக்கும்போது ஒன்றாவது வகை போய்விடும், இரண்டாவது தங்கிவிடும். அதோடு ஒரு விபரீதமும் நடக்கிறது: கொதிக்கும் சூடு ஸ்போர்களை உசுப்பிவிடுகிறது, போட்டிக்கு இருந்த மற்ற பாக்டீரியாக்களையும் அழித்துவிடுகிறது. ஆக, வெந்த உணவு ஆறும்போது ஸ்போரிலிருந்து முளைப்பவற்றுக்கு அது காலி மைதானம். மறுநாள் சூடு பண்ணினால் முளைத்தவை செத்துவிடும். ஆனால் இரவெல்லாம் அவை விட்டுவைத்த நச்சு, வெப்பத்துக்கு அசையாத வகையானால், அப்படியே இருக்கும்.

யார் யார் இந்த வேலையைச் செய்கிறார்கள்?

1. பேசில்லஸ் சீரியஸ். மண்வாசி. அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு, பருப்பு, மசாலாப் பொடிகள் என்று நிலத்தில் விளையும் எதிலும் இதன் ஸ்போர் கொஞ்சமாவது ஒட்டியிருக்கும். கழுவினால் குறையும், முழுக்கப் போகாது. இது விடும் நச்சில் ஒன்றின் பெயர் செரியுலைடு. வாந்தியை உண்டாக்குவது அதுதான். பிரஸ்ஸல்ஸ் மாணவரின் ஸ்பகெட்டியில் இருந்ததும் அதுதான். 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அது தாக்குப்பிடிக்கும். பிரஷர் குக்கரின் உள்வெப்பமே ஏறத்தாழ 120 டிகிரிதான். வீட்டு அடுப்பில் இதற்கு மருந்தே இல்லை என்று அர்த்தம். ‘ஃப்ரைட் ரைஸ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் இதனால்தான்: 1970-களில் பிரிட்டனில் உணவகங்களில் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்ட பலருக்கு வாந்தி வந்தபோது காரணத்தைத் தேடிப் போனார்கள். ஆறின சோறு உதிரியாக வதங்கும் என்பதற்காக, வடித்த சோற்றை இரவு முழுக்க வெளியில் வைத்து மறுநாள் வாணலியில் புரட்டுவது அந்தச் சமையலறைகளின் வழக்கமாக இருந்தது. வாணலியின் சூடு பாக்டீரியாவைக் கொன்றது. செரியுலைடுக்கு ஒன்றும் ஆகவில்லை.

2. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ். பெரிய பாத்திரத்தில் செய்த இறைச்சிக் குழம்பு, கெட்டியான சூப், பருப்பு ஆகியவற்றில் வருவது. காற்று பிடிக்காத ஜீவன். கொதித்து அடங்கிய குழம்பின் ஆழம் அதற்குத் தோதான இடம். 43 முதல் 47 டிகிரிக்குள் ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். நோய்தரும் பாக்டீரியாக்களில் இத்தனை வேகம் காட்டுபவை மிகக் குறைவு. நல்லவேளையாக, இதன் நச்சு உணவில் அல்ல, நம் குடலுக்குள் போன பிறகுதான் பெரும்பாலும் உருவாகிறது. எனவே நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிட்டால் இதனிடமிருந்து தப்பலாம். ‘சூடு பண்ணினால் போதும்’ என்ற நம்பிக்கை இந்த ஒருவர் விஷயத்தில் நியாயமானது.

3. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். ஸ்போர் கிடையாது, சமையலிலேயே செத்துவிடும். ஆனால் ஆரோக்கியமானவர்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூக்கில் இது குடியிருக்கும். வெந்த உணவைக் கையால் பிசையும்போது, பிய்க்கும்போது, தும்மும்போது திரும்ப வந்து சேரும். நச்சு வெப்பத்துக்கு அசையாது.

4. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். மிக அரிது, ஆனால் கொடியது. 1994-இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 30 பேருக்கு இதனால் நரம்புகளைத் தாக்கித் தசைகளைச் செயலிழக்கவைக்கும் நோய் வந்தது. அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்கைச் சுற்றின தாளோடு நாள்கணக்கில் வெளியில் வைத்து, பிறகு மசித்துத் தொட்டுக்கொள்ளப் பரிமாறியிருந்தார்கள். காற்றுப் புகாத தாள், ஈரமான மாவுப்பொருள், அறை வெப்பம்: அதற்கு வேண்டிய மூன்றும் கிடைத்துவிட்டன. இந்த நச்சு வெப்பத்தில் சிதையக்கூடியதே. ஆனால் தொட்டுக்கொள்ளும் கலவையை யாரும் கொதிக்கவைப்பதில்லையே.

இரண்டு மணி நேரம் என்ற கணக்கு

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட பகுதியை ‘ஆபத்து மண்டலம்’ என்பார்கள். நாட்டுக்கு நாடு எல்லை சற்று மாறும். பிரிட்டனில் 8 முதல் 63 என்று வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது. வெளிவெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்பது அமெரிக்க வழிகாட்டல்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் பாக்டீரியா ஒரு கவளத்தில் 100 இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

- 2 மணி நேரத்தில் 6,400.
- 4 மணி நேரத்தில் 4 லட்சத்துக்கு மேல்.
- 6 மணி நேரத்தில் 2 கோடியே 62 லட்சம்.

நிஜத்தில் முளைத்து வேகம் பிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும் என்பதால் இத்தனை சுத்தமாகக் கணக்கு நடக்காது. இருந்தாலும் உருவம் இதுதான். முதல் இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், அப்புறம் ஒரேயடியாக ஏறும். பேசில்லஸ் சீரியஸ் ஒரு கிராமில் லட்சத்தைத் தாண்டும்போதுதான் கவலைப்படும் அளவுக்கு நச்சு சேர்கிறது. ஆக, இரவு 9 மணிக்குச் சாப்பிட்டு 10 மணிக்கு எடுத்துவைத்த சோறும், மேடையிலேயே விட்டுக் காலை 6 மணிக்கு எடுத்துவைத்த சோறும் பார்வைக்கு ஒன்றே. உள்ளே நிலவரம் ஆயிரக்கணக்கான மடங்கு வேறு.

‘காலங்காலமாகச் சாப்பிடுகிறோம்’ என்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எல்லா அரிசியிலும் வாந்தி நச்சு உண்டாக்கும் பேசில்லஸ் ரகம் இருப்பதில்லை. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் நச்சு போதிய அளவு சேர்வதில்லை. சேர்ந்தாலும் பெரும்பாலும் ஒரு நாள் வாந்தியோடு முடிந்துவிடும்; அதையும் ‘ஏதோ ஒத்துக்கலை’ என்று சொல்லி மறந்துவிடுவோம். உயிர்போகும் அளவுக்கு முற்றுவது மிக மிக அபூர்வம்.

பானையின் நடுவில் என்ன நடக்கிறது?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வெந்ததைப் பார்க்கச் சரி. ஆறியதைப் பார்க்க உதவாது. மேலே தொட்டால் சில்லென்று இருக்கும் சோற்றின் நடுவில் இன்னும் 45 டிகிரி இருக்கலாம். பெர்ஃப்ரிஞ்சென்ஸ் கேட்டு வாங்கிக்கொள்ளும் வெப்பம் அது.

காரணம் எளிது. சோறு, கெட்டிக் குழம்பு, மசித்த கிழங்கு போன்றவற்றில் வெப்பம் உள்ளிருந்து மெல்லக் கடத்தப்பட்டுத்தான் வெளியேற வேண்டும். அப்படிப்பட்ட உணவின் தடிமன் இரண்டு மடங்கானால் ஆறும் நேரம் இரண்டு மடங்காவதில்லை, ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. விருந்துக்குச் செய்த பெரிய அண்டாவும் அன்றாடம் செய்யும் சின்னப் பாத்திரமும் ஒரே விதிக்குள் வராததற்கு இதுதான் காரணம். வீட்டில் நாலு பேருக்குச் செய்து பழகியவர் நாற்பது பேருக்குச் செய்யும்போது சமையலில் தப்பு செய்வதில்லை, ஆறவைப்பதில்தான் மாட்டிக்கொள்கிறார்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உணவகங்களுக்கு வகுத்த விதி இதை இரண்டு கட்டமாகப் பிரிக்கிறது: 57 டிகிரியிலிருந்து 21-க்கு 2 மணி நேரத்துக்குள் வர வேண்டும், அங்கிருந்து 5-க்கு வர இன்னும் 4 மணி நேரம். முதல் கட்டத்துக்கு ஏன் அவசரம் என்றால், பாக்டீரியா வேகமாகப் பெருகும் வெப்பநிலைகள் அந்த மேல்பாதியில்தான் இருக்கின்றன. 21-க்குக் கீழே அவை சோம்பிவிடும்.

வீட்டில் இதைச் சாதிக்க:

1. பாத்திரத்தோடு வைக்காமல் அகலமான தட்டிலோ தட்டையான டப்பாக்களிலோ பிரித்துப் பரப்புங்கள். 5 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருந்தால் நல்லது.
2. திரவமானதை, பாத்திரத்தோடு குளிர்ந்த தண்ணீரில் இறக்கி அடிக்கடி கிளறிவிடுங்கள். காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும்.
3. ஆவி அடங்கும்வரை மூடியை இறுக்காதீர்கள். ஆவியோடு நிறைய வெப்பம் போகிறது. தூசி விழும் என்றால் லேசாகச் சாய்த்து மூடலாம்.

சூடாகவே ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

வைக்கலாம். கூடாது என்பது பனிக்கட்டிப் பெட்டிகள் இருந்த காலத்துப் பேச்சு. அவற்றில் சூடான பாத்திரம் வைத்தால் பனிக்கட்டி உருகி எல்லாம் கெட்டுப்போகும். இன்றைய ஃபிரிட்ஜில் வெப்பம் ஏறினால் மோட்டார் தானாக ஓடும். சிறிய, தட்டையான டப்பாவை மிதமான சூட்டோடு உள்ளே வைப்பதால் ஒன்றும் ஆகாது. கொதிக்கக் கொதிக்க ஒரு பெரிய பாத்திரத்தை உள்ளே தள்ளுவது வேறு கதை: பக்கத்தில் இருக்கும் பாலும் சூடாகும், பாத்திரத்தின் நடுவும் ஆறாது. மின்கட்டணம் சற்றுக் கூடலாம். அதற்காக இரவு முழுக்க மேடையில் வைப்பது வீண் சிக்கனம்.

ஃபிரிட்ஜ் நிஜமாகவே குளிர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 2003-இல் பெல்ஜியத்தில் பாஸ்தா சாலட் சாப்பிட்ட ஒரு குடும்பத்தின் 5 குழந்தைகள் நோயுற்றார்கள். 7 வயதுச் சிறுமி கல்லீரல் செயலிழந்து இறந்தாள். வெளியில் எடுத்துப்போய் மீந்த அந்த சாலட் ஃபிரிட்ஜில்தான் இருந்தது. ஆனால் அந்த ஃபிரிட்ஜின் உள்வெப்பம் 14 டிகிரி. 5 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வெப்பமானி போதும். கதவு அடுக்குகள் எப்போதும் சற்று வெப்பமாகவே இருக்கும், எனவே சமைத்த உணவை உள்தட்டுகளில் வையுங்கள்.

24 மணி நேரமா, 4 நாளா?

இப்போது ஆரம்பத்தில் கேட்ட முரண்பாட்டுக்கு வரலாம். இரண்டு அமைப்பும் ஒரே அறிவியலைத்தான் படிக்கின்றன. ஃபிரிட்ஜ் பாக்டீரியாவின் வளர்ச்சியை மெதுவாக்கும், நிறுத்தாது. 4 நாள் என்பது, உணவு 2 மணி நேரத்துக்குள் உள்ளே போயிற்று, ஃபிரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கிறது என்ற நிபந்தனையோடு சொல்லப்படும் எண். பிரிட்டிஷ் அமைப்பு மற்ற மீந்த உணவுக்கு 2 நாளும், சோற்றுக்கு மட்டும் 24 மணி நேரமும் தருகிறது; சோற்றை 1 மணி நேரத்துக்குள் ஆறவைக்கவும் சொல்கிறது. சோற்றில் ஸ்போர் இருக்கும், குளிரிலும் நகரும் பேசில்லஸ் ரகங்கள் சில உண்டு, பலரும் ஒழுங்காக ஆறவைப்பதில்லை: இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கறாரான எண் வருகிறது.

என் கருத்தில் சோற்றுக்குக் கறாரான எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். சோறு வடிக்க ஆகும் செலவும் நேரமும் குறைவு, இழப்பு ஒன்றுமில்லை. கர்ப்பிணிகளும் முதியவர்களும் எல்லா உணவுக்கும் குறைந்த நாளையே வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். சிசுவையும் பாதிக்கும்.

அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் ஃப்ரீசர்தான். மைனஸ் 18 டிகிரியில் வளர்ச்சி அடியோடு நின்றுவிடும். நிற்கும், சாகாது, வெளியே எடுத்து உருகியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதனால் உறைந்ததை ஃபிரிட்ஜுக்குள்ளேயே உருகவிட வேண்டும், மேடையில் அல்ல.

மோந்து பார்த்தால் தெரியாதா?

ஊசிப்போன சோறு நாறும், நூல் விடும். அதைச் செய்பவை வேறு பாக்டீரியாக்கள். நோய்தருபவை பல நேரம் வாடையோ ருசியோ காட்டாமல் லட்சக்கணக்கில் இருக்கும். நாறினால் கொட்டிவிடலாம்; நாறவில்லை என்பது சான்றிதழ் அல்ல.

சூடாக்கும்போது

எல்லா இடமும் 75 டிகிரியைத் தொட வேண்டும். குழம்பானால் தளதளவென்று கொதிப்பதே அடையாளம். மைக்ரோவேவின் அலைகள் உணவுக்குள் 2, 3 சென்டிமீட்டர் ஆழம்தான் நேரடியாக இறங்கும். மீதி இடத்துக்கு வெப்பம் பரவியாக வேண்டும். ஓரம் நாக்கைச் சுடும்போது நடு ஜில்லென்று இருப்பது அதனால்தான். பாதியில் நிறுத்திக் கிளறி, முடிந்ததும் ஓரிரு நிமிடம் மூடிவைத்துவிட்டு எடுங்கள்.

ஒருமுறைக்கு மேல் சூடாக்க வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. சூட்டில் தப்பில்லை. ஒவ்வொரு சுற்றிலும் உணவு ஆபத்து மண்டலத்தை ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை கடக்கிறது. முழு டப்பாவையும் சூடாக்காமல் வேண்டிய அளவை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்தப் பேச்சே எழாது.

வெளியில் சாப்பிட்டு மீதியைக் கட்டிக்கொண்டு வந்தால்

இரண்டு மணி நேரக் கடிகாரம் வீட்டு வாசலில் தொடங்குவதில்லை. தட்டு மேசைக்கு வந்ததுமே ஓடத் தொடங்கியாயிற்று. பேசிக்கொண்டே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, அரை மணி நேரம் பயணித்து வந்தால் கணக்கு முடிந்துவிட்டது. பரிமாறியதும் கொஞ்சம் பார்சலுக்கு எனத் தனியே எடுத்துவைத்தால் எச்சில் படாமலாவது இருக்கும். பஃபேயில் உணவைத் தாங்கும் வெந்நீர்த் தட்டுகள் சூட்டைக் காப்பாற்றத்தான் செய்யும், ஆறியதைச் சூடாக்காது. அதில் இருப்பது ஆவி பறக்காமல் வெதுவெதுப்பாக இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

சாப்பிட்டாயிற்று, வயிறு புரட்டுகிறது

எப்போது தொடங்கியது என்பதே பாதி விடை சொல்லும்.

1. அரை மணி முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி: உணவிலேயே தயாராக இருந்த நச்சு. பேசில்லஸ் அல்லது ஸ்டஃபைலோகாக்கஸ்.
2. 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்று வலியும் பேதியும்: பெர்ஃப்ரிஞ்சென்ஸ் ஆக இருக்க வாய்ப்பு.
3. அரை நாள் அல்லது ஓரிரு நாள் கழித்துப் பார்வை இரண்டாகத் தெரிவது, இமை சரிவது, பேச்சுக் குழறுவது: பாட்டுலினம். உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

பெரும்பாலான வாந்தியும் பேதியும் உப்பு-சர்க்கரைக் கரைசலோடு ஒரு நாளில் அடங்கும். தண்ணீர்கூடத் தங்கவில்லை, மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், கண் மஞ்சளாவது, 3 நாளுக்கு மேல் பேதி என்றால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். சால்மொனெல்லா போன்றவை பல நாள் கழித்தும், லிஸ்டீரியா வாரக்கணக்கில் கழித்தும் வெளிப்படலாம். எனவே மருத்துவர் கேட்கும்போது கடைசியாகச் சாப்பிட்டதை மட்டும் சொல்லாமல் முந்தின மூன்று நான்கு நாள் சாப்பாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.